1965 பீட்டிலுக்கு 1600 எஞ்சின்: கிளட்சும் ஃபிளைவீலும்

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த வோக்ஸ்வேகன் பீட்டில் 1965ஆம் ஆண்டு வண்டி. அதன் 1200 சிசி எஞ்சினின் உடற்கூடு இனி ஓட்டத் தகுதியில்லாமல் போனதால், 1970களின் 1600 சிசி எஞ்சின் ஒன்றை வாங்கி முழுவதும் பிரித்துக் கட்டினேன். பிஸ்டனும் வால்வும் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டன. எஞ்சினும் கியர்பாக்ஸும் சந்திக்கும் அந்த ஒரு சாண் இடத்துக்குப் பாகம் தேர்ந்தெடுக்கத்தான் இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. காரணம், நான் எஞ்சினைப் பார்த்துப் பாகம் வாங்கினேன். பார்த்திருக்க வேண்டியது கியர்பாக்ஸை.

முதலில் ஃபிளைவீலின், அதாவது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் தண்டின் முனையில் சுழலும் கனத்த சக்கரத்தின், பற்களை எண்ண வேண்டும். என்னுடையது போன்ற 6 வோல்ட் காலத்து வண்டிகளில் 109 பற்கள். பின்னர் வந்த 12 வோல்ட் வண்டிகளில் 130 பற்கள். 130 பல் சக்கரம் அளவில் பெரியது என்பதால், 6 வோல்ட் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்குள் (ஃபிளைவீலை மூடும் கூட்டுக்குள்) அது உரசும். உள்சுவரைச் சுரண்டி இடம் செய்தால்தான் சுழலும். ஸ்டார்ட்டர் தண்டின் நுனி தாங்கும் புஷ்ஷும் வேறு: பழையதில் துளை 12.5 மி.மீ., புதியதில் 10.9 மி.மீ. ஆகவே 130 பல் சக்கரத்தை எடுத்தால் ஸ்டார்ட்டரையும் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

அடுத்தது கிளட்ச் தட்டின் விட்டம். என் வண்டியில் இருந்தது 180 மி.மீ. தட்டு, 1600 எஞ்சினின் இழுவைக்கு 200 மி.மீ. தட்டுதான் பொருத்தம். கியர்பாக்ஸ் தண்டின் பல்வரிசை இரண்டு தட்டுகளுக்கும் ஒன்றே என்பதால், எந்தத் தட்டு பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது ஃபிளைவீல்தான். 109 பற்களும் 200 மி.மீ. கிளட்ச் முகமும் ஒருங்கே கொண்ட சக்கரம் உண்டு. 6 வோல்ட் காலத்து வோக்ஸ்வேகன் வேன்களில் வந்தது. அதைத்தான் தேடிப் பிடித்தேன். கியர்பாக்ஸைச் சுரண்டுவது பெரிய வேலையன்று, பலரும் செய்கிறார்கள். ஆனால் அப்பா ஒரு கீறல்கூட விழாமல் வைத்திருந்த கூட்டில் நான் அரம் வைக்க விரும்பவில்லை. மின்சுற்றை 12 வோல்ட்டுக்கு மாற்றும் எண்ணமும் எனக்கு இல்லை.

நான் இடறியது, கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில். "1600 எஞ்சினுக்கு 200 மி.மீ. கிளட்ச் செட்" என்று கேட்டேன், கடையிலும் 1600 என்றால் இதுதான் என்று உறுதியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடிப்பை விடுவிப்பது) புதிய பிரஷர் பிளேட்டின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் நடுவில் வளையம் இல்லாதது தெரிந்தது. 1970 வரையிலான கியர்பாக்ஸ்களில் ரிலீஸ் பேரிங்குக்கு வழிகாட்டிக் குழல் கிடையாது. குறுக்குத் தண்டின் இரு கைகளில் தொங்கியபடி அது சிறு வில்லாக நகர்ந்து வந்து பிரஷர் பிளேட்டை அழுத்துகிறது. அப்படி நகரும்போது சற்று இங்கும் அங்கும் சறுக்க ஒரு தட்டையான முகம் வேண்டும் என்பதற்காகவே பிரஷர் பிளேட்டின் நடுவில் அந்த வளையம் வைக்கப்பட்டிருந்தது. 1971 மாடல் முதல் கியர்பாக்ஸில் குழல் வந்தது. பேரிங் அதன் மேல் நேராக ஓடி பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களையே அழுத்துவதால் வளையம் தேவையற்றுப் போயிற்று. குழலில்லாத பேரிங்கை வெறும் விரல்களின் மேல் அழுத்த விட்டால் பேரிங்கும் விரல் நுனிகளும் விரைவில் தேய்ந்துவிடும். எஞ்சின் எந்த ஆண்டாக இருந்தாலும், பேரிங்கும் பிரஷர் பிளேட்டும் கியர்பாக்ஸின் ஆண்டைத்தான் பின்பற்ற வேண்டும். நல்லவேளையாக, செட்டை மாற்றித் தந்துவிட்டார்கள்.

பழைய ஃபிளைவீல் வாங்குகிறவர்கள் மூன்று இடங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் டவல் ஊசிகள் (சக்கரத்தைப் பிணைக்கும் முளைகள்) நுழையும் நான்கு துளைகள் நீள்வட்டமாகியிருந்தால் அந்தச் சக்கரம் பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும். ஆயில் சீல் ஓடும் கழுத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை புதிய சீல் போட்டாலும் எண்ணெய் கசிந்து கிளட்ச் தட்டில் படும், வண்டி கிளம்பும்போது உதறும். கிளட்ச் முகம் நீலம் பாய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் சீவிக்கொள்ளலாம். ஆனால் தட்டு உரசும் முகத்தைச் சீவிய அதே அளவு பிரஷர் பிளேட் அமரும் விளிம்பையும் சீவச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிடிப்பின் அழுத்தமே மாறிவிடும்.

பீட்டிலில் ஃபிளைவீலை மாற்றினால் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை மறுபடி அளந்தே தீர வேண்டும், ஏனெனில் அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவதே ஃபிளைவீலுக்கும் முதல் பேரிங்குக்கும் இடையில் உள்ள மூன்று ஷிம்கள், அதாவது மெல்லிய உலோக வளையங்கள்தான். சீல் போடாமல், இரண்டு ஷிம்களை மட்டும் வைத்துச் சக்கரத்தை முடுக்கி, டயல் கேஜைப் பொருத்தி, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். முள் 0.44 மி.மீ. காட்டியது. அதில், விட வேண்டிய ஆட்டமான 0.10 கழித்து மூன்றாவது ஷிம் 0.34. மூன்றும் போட்டபின் ஆட்டம் 0.07க்கும் 0.13க்கும் இடையில் நின்றால் சரி. மெல்லிய எண்ணெய்ப் படலம்கூட அளவைக் கெடுக்கும் என்பதால் ஷிம்களைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, மூன்று முறை அளந்தேன்.

ஃபிளைவீலைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இறுக்கும் நடுநட்டு 36 மி.மீ. சாவிக்குரியது, முடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 343 நியூட்டன் மீட்டர். நீளமான குழாய் செருகி, சக்கரம் சுழலாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. கியர்பாக்ஸ் தண்டின் நுனி தாங்கும் ஊசி பேரிங் அந்த நட்டுக்குள்ளேயே இருப்பதால், முடுக்கும் முன் அதைச் சுழற்றிப் பார்த்து, துளி கிரீஸ் வைத்தேன்.

கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த, பழைய கியர்பாக்ஸ் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த தண்டுத் துண்டைப் பயன்படுத்தினேன். பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, ஒரு சமயத்தில் ஒரு சுற்று மட்டுமே முடுக்கினேன். துண்டை உருவியபோது அது தடையின்றி வெளியே வந்தது. எஞ்சினும் முதல் முயற்சியிலேயே கியர்பாக்ஸுக்குள் போய் அமர்ந்தது. பெடலில் 15 மி.மீ. ஆட்டம் விட்டு கிளட்ச் கேபிளை இறுக்கியிருக்கிறேன்.