விரல் வைத்துப் பார்க்கும் பிள்ளை

எனக்கு வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். மகனுக்கு 7 வயது. தினமும் காலையில் என் இடது கையில், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா இருக்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பான். ரத்தம் ஓடும் அதிர்வு தெரிந்தால்தான் பல் துலக்கப் போவான். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் படுக்கும்போது கேட்டான்: "அம்மா, அன்னைக்கு உன்மேல கோபப்பட்டுக் கத்தினேனே, அதனாலதான் உனக்குக் கிட்னி கெட்டுப்போச்சா?"

நெஞ்சே அடைத்துவிட்டது. எத்தனை நாளாக இதைச் சுமந்தானோ!

தான் நினைத்ததாலோ செய்ததாலோதான் எல்லாம் நடக்கிறது என்று சின்னப் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். நாம் சொல்லாமல் விட்டதை அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள், உண்மையைவிடப் பயங்கரமாக. குழந்தைக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் மறைத்தது தப்பு.

அன்றே நோயின் பெயரைச் சொன்னேன். உன்னால் வரவில்லை, உனக்கு ஒட்டாது, எனக்கு முடியாத நாளில் அப்பா உன்கூட இருப்பார் என்றேன். அப்புறம் மெதுவாக, "நீ செத்துடமாட்டியே?" என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "டாக்டருங்க நல்லா பாத்துக்கிறாங்க. எது மாறினாலும் உன்கிட்ட மறைக்கமாட்டேன்."

வீட்டுக்கு வருகிறவர்களே, "அம்மாவை நீதான் பார்த்துக்கணும்" என்று அவனிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவன் இன்னும் குழந்தை. சமர்த்து, தொந்தரவே இல்லை என்கிறீர்களே, அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலையும் விரல் வைத்தான். "ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டு, ரொம்ப நாள் கழித்துப் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.