அம்மாவுக்கு பைபிள் வாசிச்ச ஒரு வருஷம்

போன ஜனவரி 1-ல ஆரம்பிச்சு டிசம்பர் 31-ஓட முடிச்சோம், ஆதியாகமத்துல இருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் 1189 அதிகாரம். வாசிச்சது நான், கேட்டது அம்மா. சுகர்னால அம்மாவுக்கு கண்ணு ரொம்ப மங்கிப் போச்சு, பெரிய எழுத்து பைபிள் கூட முடியல, அதனால எங்கிட்ட வந்து இருக்க ஆரம்பிச்ச அப்புறம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நான் வாசிக்கிறதுன்னு ஆச்சு. கணக்கு பழைய கணக்குதான், எங்க சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது, தெனம் மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை மட்டும் அஞ்சு, வருஷம் முடியிறதுக்குள்ள முழுசும் முடிஞ்சிரும்.

ஆனா ஒண்ணு, நான் எடுத்தது வீட்ல இருந்த பழைய வேதாகமம் இல்ல. கத்தோலிக்கரும் நம்மாளுங்களும், அதாவது புராட்டஸ்டண்ட் சபைக்காரங்களும், சேர்ந்து உக்காந்து செஞ்சு 1995-ல வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. கூட வேலை பாக்குற ஒரு கத்தோலிக்க அக்கா குடுத்தது ரொம்ப நாளா அலமாரியில சும்மா இருந்துச்சு. அதுல அவங்க திருச்சபையோட கூடுதல் புத்தகங்களும் இருக்கு, தோபித்து, யூதித்து, சீராக்குன்னு, அத நாங்க இந்த தடவ தொடல, எங்க பைபிள்ல இருக்குற 66 புத்தகம் மட்டும்தான்.

மொத நாளே அம்மா முகம் சுருங்கிடுச்சு. "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்"னு அம்மா வாய் தானா சொல்லுது, நான் "தொடக்கத்தில் கடவுள் விண்ணுலகையும், மண்ணுலகையும் படைத்தபொழுது"ன்னு வாசிக்கிறேன், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு மோதுது. ஏளா, இது என்ன பைபிளுன்னு கேட்டா. (எங்க திருநெல்வேலி பக்கம் அம்மாவ அவ, இவன்னுதான் சொல்லுவோம், அதுல மரியாதைக் குறைச்சல் எதுவும் கெடையாது. இத ஏன் சொல்றேன்னு பின்னால புரியும்.)

அம்மா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சா. ஆனா பீடி சுத்துற வீட்டுத் திண்ணையில நாலஞ்சு பொம்பளைங்க மடியில தட்ட வச்சு உக்காந்திருக்க, ஒருத்தி மட்டும் சங்கீதம் வாசிப்பா, மத்தவங்க கை நிக்காம சுத்திக்கிட்டே கூட சொல்லுவாங்க, அப்பிடி முப்பது வருஷம் கேட்டு கேட்டு மனசுல ஏறுனது. அந்த பழைய மொழிபெயர்ப்பு போவர் ஐயர் குழு செஞ்சது, 1871-ல வந்தது, அதுக்கும் முன்னாடி ஃபெப்ரிசியுஸ் ஐயரோடது, அதுக்கும் முன்னாடி 1715-லயே தரங்கம்பாடியில சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்ட அச்சுல கொண்டு வந்துட்டார். பேச்சுத்தமிழ் எவ்வளவோ மாறியும் எங்க வீட்டு ஜெபம் மட்டும் 1871 தமிழ்லயே நின்னுருச்சு, கிருபை, இரட்சிப்பு, ஆக்கினைத்தீர்ப்பு, அதெல்லாம் அர்த்தம் தெரிஞ்சு சொன்னோமா இல்ல பழக்கத்துல சொன்னோமான்னு நான் யோசிச்சதே இல்ல. ஆயக்காரன்னா ஆடு மாடு மேய்க்கிறவன்னு பத்து வயசு வரைக்கும் நெனச்சிட்டு இருந்தேன், ஆயன்னு ஒரு சொல் இருக்குல்ல. புதுசுல "வரிதண்டுபவர்"னு நேரா இருக்கு, ஓஹோ இதனாலதான் ஊரே அவங்கள வெறுத்துச்சான்னு ஒரு நொடியில புரியும்.

ஜனவரி கடைசியில மூணாவது புத்தகம் லேவியர் வந்துச்சு, எல்லாரும் அங்கதான் விட்டுருவாங்க, எங்களுக்கு அது அவ்வளவு கஷ்டமா இல்ல, ஏன்னா பலி செலுத்துற முறையெல்லாம் சமையல் குறிப்பு மாதிரி தெளிவா இருந்துச்சு, எந்த மாவு, எவ்வளவு எண்ணெய்னு அம்மா ஆர்வமா கேட்டா. கஷ்டப்பட்டது ஏப்ரல்லதான். நாளாகமத்துக்கு இதுல பேரு குறிப்பேடு, அதுல மொத ஒம்பது அதிகாரம் முழுக்க பேரு, பேரு, பேரு. வெயில் வேற. அம்மா தூங்கிருவா, நான் மட்டும் வாசிச்சு முடிப்பேன், ஒரு நாளும் விடல.

ஜூன் மொத வாரம் 23-ஆம் சங்கீதம். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை"ன்னு வாசிச்சேன். அம்மா கைய நீட்டி நிறுத்திட்டா. கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்னு முழுசும் அவளே சொல்லி முடிச்சா. எங்க அப்பா அடக்கத்துல வாசிச்சது அது, அத மாத்தாதன்னு சொன்னா. நான் வாதாடல. எனக்கே கூட அந்த "தாழ்ச்சியடையேன்"ல இருக்குற ஒரு கம்பீரம் புதுசுல கிடைக்கலன்னுதான் தோணுச்சு. ஜூலையில பிரசங்கி வந்தப்பவும் அப்பிடித்தான், "மாயை"ன்ற எடத்துல "வீண்"னு வருது, அர்த்தம் பளிச்சுன்னு இருக்கு, ஆனா மாயைங்கிற சொல்லுல இருக்குற அந்த புகை மாதிரி ஒண்ணு போயிடுச்சு.

அப்புறம் அக்டோபர் முடியிற நேரம், நல்ல ஐப்பசி மழை, கரண்ட் வந்து வந்து போகுது, மொபைல் டார்ச்ச புடிச்சிக்கிட்டு யோவான் வாசிச்சிட்டு இருக்கேன். ரெண்டாம் அதிகாரம், கானாவூர் கல்யாணம். பழசுல இயேசு மரியாளப் பாத்து "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன"ன்னு கேக்குறது சின்ன வயசுல இருந்தே எனக்கு நெருடல், பெத்த தாய யாராவது அப்பிடி கூப்பிடுவாங்களான்னு. இதுல "அம்மா"ன்னு இருக்கு. நாலாம் அதிகாரத்துல கிணத்தடியில சமாரியப் பெண்கிட்டயும் "அம்மா, என்னை நம்பும்". அது மட்டும் இல்ல, அந்தப் பெண் பேசுறப்ப எல்லாம் "கேட்டார்", "என்றார்". அவள், என்றாள்னே கேட்டுப் பழகுன காதுக்கு அது ரொம்ப புதுசு. மூலத்துல கிரேக்கத்துல அவள், அவர்னு தனித்தனியா மரியாதை வித்தியாசமே கிடையாது, பொம்பளைங்கள கூப்பிடுற அந்த சொல்லும் அங்க மரியாதைக் குறைவான சொல் இல்லயாம். அப்போ யாருக்கு "அவர்" போடணும், யாருக்கு "அவள்" போடணும்னு முடிவு பண்றது தமிழ்ல எழுதுறவங்கதான். இத தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல.

மறுநாள் எட்டாம் அதிகாரம், விபச்சாரத்துல புடிச்சாங்கன்னு கொண்டு வந்து நடுவுல நிறுத்துறாங்கல்ல, அந்தப் பெண். பல பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இந்தப் பகுதி இல்ல, ஆனா இது இல்லாத ஒரு பைபிள என்னால நெனச்சுப் பாக்க முடியல. கல்லெறிய வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க, இயேசு நிமிந்து பாத்து "அம்மா, அவர்கள் எங்கே?"ன்னு கேக்குறார். நான் அடுத்த வரிக்குப் போயிட்டேன். அம்மா, நில்லுளான்னா.

"அவளையுமா அம்மான்னு சொன்னாரு?"

ஆமாம்மான்னேன்.

"திருப்பி வாசி."

வாசிச்சேன். மூணு தடவ வாசிச்சேன். அப்புறம் அம்மா பீடிக் கடை கதைய சொன்னா. எனக்கு பாதி தெரியும், அன்னைக்கு சொன்னது தெரியாது. சுத்துன பீடிய கட்டு கட்டி கொண்டு போனா, எண்ணி வாங்குற பையனுக்கு இருவது வயசு இருக்கும், அம்மாவுக்கு அப்பவே நாப்பது, ஏட்டி, என்னட்டி சுத்திருக்கன்னு கேட்டு கை நெறைய அள்ளி சரியில்லன்னு கழிச்சுப் போட்டுருவான், கழிச்சதுக்கு கூலி இல்ல, ஆனா எலையும் தூளும் உங்கணக்குன்னு புடிச்சுக்குவான். காசு போனது கூட மறந்துட்டேன், எல்லார் முன்னாடியும் அந்த ஏட்டிதான் இன்னும் காதுல இருக்குன்னா. நான் ஒண்ணும் சொல்லல, மழை சத்தம் மட்டும்தான். வீட்ல நாங்க அம்மாவ அவன்னு சொல்றதும் அந்தப் பையன் ஏட்டின்னு சொன்னதும் ஒண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் அன்னைக்கு ராத்திரி பூரா மனசு ஒரு மாதிரி இருந்துச்சு.

அதுக்கு அப்புறம் அம்மா எந்த வரிக்கும் பழசுல எப்படின்னு கேக்கல. யோவான் 19-ல சிலுவையில இருந்து "அம்மா, இவரே உம் மகன்"னு சொல்ற எடம் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நல்லா நிமிந்து உக்காந்துட்டா, சேலைத் தலைப்ப எடுத்து தலையில போட்டுக்கிட்டா, சபையில போடுற மாதிரி.

டிசம்பர் 31 சாயங்காலம் கடைசி அதிகாரத்த வாசிச்சுட்டு ஆராதனைக்குப் போனோம். இந்த ஜனவரியில மறுபடி தொடக்க நூல்ல இருந்து ஓடிட்டு இருக்கு, அதே புத்தகம்தான். சங்கீதம் வந்தா மட்டும் நான் வாசிக்க வேண்டாமாம், அவளே சொல்லுவாளாம், பழசுலயே.