கைகளுக்கு ஒரு விளக்கு

நேற்று காதுகேளாதவர்களுக்காக நாங்கள் நடத்திய திரையிடலில் படம் ஓடும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. வசனத்தோடு ‘கதவு தட்டும் சத்தம்’, ‘தூரத்தில் நாய் குரைக்கிறது’ என்று ஒலிகளும் எழுத்தில் வந்தன. கலந்துரையாடலில்தான் சொதப்பினோம். விளக்கைப் போட மறந்துவிட்டோம், சைகைமொழிபெயர்ப்பாளரின் கைகள் இருட்டில்! முன்வரிசையில் ஒருவர் சட்டென்று செல்போன் டார்ச்சை அந்தக் கைகள்மேல் அடித்தார். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

பேச்சு, காதுகேளாத பாத்திரங்களுக்கும் காதுகேட்கும் நடிகர்களையே போடுவது பற்றித் திரும்பியது. காதுகேளாத நடிகை மார்லி மாட்லின் ஆஸ்கர் வாங்கியது 1987இல். நடிப்புக்காக அதை வாங்கிய அடுத்த காதுகேளாதவர் டிராய் காட்சர், 2022இல். நடுவில் 35 வருஷம்!

முடிவில் எல்லோரும் கைகளை உயர்த்தி அசைத்தார்கள், அதுதான் காதுகேளாதவர்களின் கைதட்டல். நான் மட்டும் பழக்கதோஷத்தில் ‘பட்’டென்று ஒருமுறை தட்டிவிட்டேன்.