கூர்நோக்கு இல்லத்துப் பையனும் பத்தாம் வகுப்புத் தேர்வும்: ஒரு டிசிக்காக அலைந்த கதை

தேர்வு முடிவு வந்துவிட்டது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை, ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் இடம்) இருக்கும் பையனைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் நேரடியாக, பத்தாம் வகுப்பு எழுதவைக்க நினைக்கும் தன்னார்வலர்களுக்கு இது உதவலாம். ஊர், இல்லம், பள்ளி எதையும் சொல்லப்போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அப்படி. சிறாரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கூத்தெல்லாம் இதைச் சுற்றித்தான்.

உள்ளே போக அனுமதி வாங்கியது பெரிய கதை இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு, காவல்துறை சரிபார்ப்பு, வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு நுழைவது, அவ்வளவுதான்.

முதல் முட்டுக்கட்டை காம்பஸ். பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு 35. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்ற பையனுக்கு இந்தப் 16 மதிப்பெண்தான் முதல் பிடிமானம். ஆனால் கூர்முனை உள்ள எதுவும் இல்லத்துக்குள் வரக்கூடாது. கண்காணிப்பாளரைக் குறை சொல்லமாட்டேன். கையைக் கீறிக்கொண்ட பையன்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். கடைசியில், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என்று ஒப்புக்கொண்டார். ஒரு நாள் ஒன்று குறைந்தது. பாய்களை உதறி, சட்டைப்பைகளைத் தடவி, கடைசியில் பார்த்தால் வரைபடத்தாள் கட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தது. அது கிடைக்கும் வரை ஒருவரையும் சாப்பிட விடவில்லை. மற்றவர்கள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

நம் பையன் தொடுகோட்டை ஒழுங்காக வரைந்துவிடுவான். வரைந்ததும் வில்கோடுகளை எல்லாம் ரப்பரால் சுத்தமாக அழித்துவிடுவான். "அதை ஏண்டா அழிக்கிற? அதுக்கும் சேர்த்துத்தான் மார்க்" என்றால், "அசிங்கமா இருக்கு சார்" என்பான். அந்தப் பழக்கத்தை நிறுத்தவே ஒரு மாதம் ஆனது.

இனி டிசி, அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ். கடைசியாகப் படித்த பள்ளியில் வாங்கியாக வேண்டும். நான் அவன் அம்மாவின் கடிதத்தோடு போனேன். அலுவலகத்தில் இருந்தவர் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "நீங்க யாரு? பையன் எங்க? நேர்ல வரச் சொல்லுங்க." அவன் எங்கே இருக்கிறான் என்பதை மட்டும் நான் சொல்லக்கூடாது. பக்கத்து மேஜைகளில் எல்லாம் பேனா நின்றுவிட்டது. அடுத்த முறை போனால் தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். அதற்கடுத்த முறை எமிஸ் (மாணவர் விவரங்கள் இருக்கும் பள்ளிக் கல்வித்துறை இணையதளம்) திறக்கவில்லை. பேருந்திலேயே எனக்குப் பாதி வயது போனது.

"இல்லத்து லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போட்டால் மறுநாளே கொடுத்துவிடுவார்கள்" என்று பலரும் சொல்வார்கள். சொன்னார்கள். கொடுப்பார்கள்தான். ஆனால் அந்தக் கடிதம் தபால் பதிவேட்டில் ஏறும், நாலு பேர் கை மாறும், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். பையனும் இதைத்தான் பயந்தான். "சார், பாஸாகாட்டியும் பரவால்ல, அங்க மட்டும் தெரிய வேணாம்." அவன் வழக்கைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலர் இதைப் புரிந்துகொண்டது எங்கள் அதிர்ஷ்டம். கடிதம் வேண்டாம், அம்மாவே போகட்டும் என்று முடிவானது.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் போனார். மனுவில் ஒரே வரி: மகனை வேறிடத்தில் படிக்கவைக்க டிசி வேண்டும். இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும். இந்த ஒப்புகை இல்லாமல் வாசலைத் தாண்டவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். "பையன் எங்கம்மா?" என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். மதியம் டிசி கைக்கு வந்தது.

வந்ததைப் பார்த்தால், ஒழுக்கமும் பண்பும் என்ற வரியில் வெறும் கோடு. யாரோ காதில் எதையோ போட்டிருக்கிறார்கள். விசாரணையே முடியாத பையன் அவன். விசாரணை முடிந்து தவறு செய்தான் என்றே இளைஞர் நீதிக் குழுமம் (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) முடிவு செய்திருந்தாலும், அதை வைத்து அவனைத் தகுதியிழப்புக்கு உள்ளாக்கக்கூடாது என்பதுதான் அதே சட்டத்தின் பிரிவு 24. ஆனால் அதைச் சொல்லி வாதாடினால் நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் தலைமையாசிரியரிடம் வேறு மாதிரி கேட்டேன்: "சார், உங்க பள்ளிப் பதிவேட்டுல இவன் மேல ஏதாவது புகார் இருக்கா? இருந்தா காட்டுங்க." இல்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் 'நன்று' என்று போட்டு வேறு டிசி கொடுத்தார். அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொரு எச்சரிக்கை. பிறந்த தேதியில் அம்மா சொல்வதும் டிசியில் இருப்பதும் சில மாதம் முன்பின்னாக இருந்தது. "அபிடவிட் போட்டு மாத்திக்கலாமே" என்று ஒருவர் அக்கறையாக யோசனை சொன்னார். தொடாதீர்கள். வயதை முடிவு செய்ய இளைஞர் நீதிக் குழுமம் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றைத்தான். எலும்புப் பரிசோதனை எல்லாம் வேறு எந்த ஆவணமும் இல்லாதபோதுதான். தேர்வுக்காக மாற்றப்போய் வழக்கு சிக்கலாகிவிடும்.

அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே தனியாகப் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டு அறிவியல் எழுத முடியாமல் போனவர்கள் உண்டு. எங்களுக்கு அது நேரத்தில் நடந்தது, ஆனால் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்துப்போக போலீஸ் வழிக்காவல் கிடைக்காத நாள்கள் பல. சீருடை இல்லாமல் வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் வந்தார்கள். தேர்வுத்துறை சேவை மையத்தில் விண்ணப்பம் போடும்போது வீட்டு முகவரியையும் அம்மாவின் செல் எண்ணையும் கொடுங்கள். இல்லத்தின் முகவரி எதிலும் ஏறக்கூடாது.

எல்லாம் சரியானதும் ஜாமீன் கிடைத்தது. சந்தோஷம்தான், ஆனால் தேர்வு மையம் இல்லம் இருக்கும் ஊரில், அவன் வீடு வேறு மாவட்டத்தில். பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரே இல்லம் என்பதால் இது எப்போதும் நடக்கும். விடுதலையாகும் நாளிலேயே விண்ணப்ப எண்ணை அம்மா கையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அது இருந்தால் ஹால் டிக்கெட்டை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். வெளியே போன பையனை நாமாகத் தேடிப் போகக்கூடாது, எல்லாம் நன்னடத்தை அலுவலர் வழியாகத்தான். விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து எல்லாத் தேர்வுக்கும் வந்துவிட்டான் என்று அவர்தான் சொன்னார்.

கணக்கில் 43. ஆங்கிலம் மட்டும் போய்விட்டது, 29. துணைத்தேர்வுக்கு இந்த முறை அவன் ஊர்ப்பக்கத்துச் சேவை மையத்தில் அம்மாவே விண்ணப்பம் போட்டுவிட்டார். "முன்னாடி ஏன் அந்த மாவட்டத்துல எழுதினான்?" என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். "சொந்தக்காரங்க வீட்ல இருந்தான்" என்று சொல்லிவிட்டு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.