வார்டுக்குள் போகும் முன்

பிப்ரவரி 3

டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட், யாராகப் போகிறவராக இருந்தாலும் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் தொடங்க வேண்டிய வேலை, ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி. இதற்குப் பிடிக்கிற காலம்தான் காரணம். முதல் டோஸ் இன்று போட்டால், இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம். அதற்கப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்க வேண்டும். ஆன்டி எச்பிஎஸ் என்று கேட்டால் லேபில் புரியும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது. மொத்தத்தில் ஏழெட்டு மாதம் ஓடிவிடும். வார்டுப் பயிற்சிக்கு முந்தின வாரம் ஞாபகம் வந்து ஓடினால் ஒரு டோஸுக்கு மேல் போட முடியாது.

நடுவில் ஒரு டோஸ் தள்ளிப்போய்விட்டதா? முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குழந்தையில் போட்டவர்களுக்கு இப்போது பார்த்தால் 10-க்குக் கீழே காட்டலாம். அதனால் பாதுகாப்பே இல்லை என்று ஆகாது. இன்னொரு டோஸ் போட்டு, ஒன்றிரண்டு மாதம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். பழைய தடுப்பூசி அட்டையை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

பிப்ரவரி 9

நொடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வேண்டும். செல்போன் சரிப்படாது. அதைத் தொட்ட கையோடு நோயாளியைத் தொட முடியாது.

இன்று மூச்சு எண்ணும் பயிற்சி. மிகச் சுலபமான வேலை, அதனாலேயே மிக மோசமாகச் செய்யப்படுவது. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்ன உடனே ஆள் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் சொல்லாமல் எண்ண வேண்டும். நாடி பார்த்து முடித்த பிறகும் விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ மாற்றுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று.

முழு 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறும். 22 மூச்சு விடுகிறவரை 18 என்று எழுதிவிடுவோம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஆக ஒரே ஒரு மூச்சுப் பிழையில் கவனிக்க வேண்டியவர் இயல்பானவராகிவிட்டார். பச்சிளங்குழந்தை சில நொடி நிறுத்தி, பிறகு படபடவென்று மூச்சு விடும், அங்கே 15 நொடிக் கணக்கு சுத்தமாகப் பொய். இருமலோடு வரும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லைகளை மனப்பாடமாக வைத்திருங்கள்: 2 மாதத்துக்குக் கீழ் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமூச்சு.

வரிசையாக எல்லாருக்கும் 18 என்று எழுதிய சார்ட்டைப் பார்த்தால், யாரும் எண்ணவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 16

பி.பி. பார்ப்பது. இன்று முழுக்க இதுதான்.

பட்டையைச் சுற்றுவதற்கு முன்னால் பாதிப் பிழை நடந்து முடிந்துவிடும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால்மேல் கால் போடக் கூடாது, சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. கடைசி அரை மணி நேரத்தில் காபியோ சிகரெட்டோ கூடாது. கையை மேசைமேல், இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் சுமார் 8 புள்ளி கூடக் காட்டும்.

அடுத்தது பட்டையின் அளவு. துணியைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் பையைப் பாருங்கள். கையின் சுற்றளவில் 80 சதவீதம் அதன் நீளம், 40 சதவீதம் அகலம். 30 செ.மீ. சுற்றுள்ள கைக்கு 24 நீளம், 12 அகலம். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் ஏறும், இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதப்படும். கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே நிற்கட்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கி அதற்குக் கீழே சுற்றுவது வேண்டாம், கையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன் மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக் காற்றடியுங்கள். நாடி எங்கே மறைகிறதோ அந்த எண் முக்கியம். 130-இல் மறைந்தது என்று வைத்துக்கொள்வோம். காற்றை முழுக்க இறக்கி, அரை நிமிடம் விட்டு, இப்போது ஸ்டெத்தை வைத்து 160 வரை ஏற்றுங்கள், அதாவது 30 கூடுதல். பிறகு நொடிக்கு 2 புள்ளி வீதம் இறக்குங்கள். தொடர்ந்து இரண்டு தட்டு கேட்கும்போது முதல் தட்டு மேல் எண். சத்தம் அறவே நிற்கிற இடம் கீழ் எண். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் சொன்ன முறை, இன்றும் மாறவில்லை.

இந்த நாடி பார்க்கும் படியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? சிலருக்கு நடுவில் சத்தம் காணாமல் போய்த் திரும்பி வரும். உதாரணமாக, ஒருவரின் உண்மையான மேல் எண் 180. 160-இல் சத்தம் நின்று 140-இல் மறுபடி தொடங்குகிறது. நீங்கள் குத்துமதிப்பாக 150 வரை மட்டும் ஏற்றினால், அந்த அமைதிக்குள்ளேயே ஆரம்பிக்கிறீர்கள். 140 என்று எழுதுவீர்கள். விரலுக்கோ அந்த இடைவெளியிலும் நாடி தட்டும், அது ஏமாறாது.

பிப்ரவரி 17

நேற்றையதற்கு ஒரு வால். கையால் பார்க்கும் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். ஆகவே அதில் பார்த்து யாராவது 135 என்று எழுதியிருந்தால் அது கருவி காட்டிய எண் அல்ல. எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தாலும் சந்தேகப்படுங்கள். இரண்டு முறை, ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் பார்க்க வேண்டும். முதல் தடவை வருபவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையை அடுத்த முறைக்குக் குறித்து வையுங்கள்.

மார்ச் 1

கணக்கு. இதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டோம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம்.

12 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. ஆக 180 மி.கி. இதுவரை யாரும் தப்புவதில்லை. பாட்டிலைக் கையில் எடுக்கும்போதுதான் வழுக்கும். ஒரு சிரப்பில் 5 மி.லி.யில் 120 மி.கி., அதாவது ஒரு மி.லி.யில் 24. கொடுக்க வேண்டியது 7.5 மி.லி. இன்னொரு சிரப்பில் 5 மி.லி.யில் 250, ஒரு மி.லி.யில் 50. கொடுக்க வேண்டியது 3.6 மி.லி. "ஏழரை மில்லி குடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பி, வீட்டில் இரண்டாவது பாட்டில் இருந்தால் 375 மி.கி. போய்விடும், இரட்டிப்புக்கும் கொஞ்சம் மேலே. எனவே மி.கி., மி.லி., பாட்டிலின் வீரியம் மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். அளப்பது சிரிஞ்சில். சமையலறைக் கரண்டிக்கு அளவு கிடையாது.

சதவீதத்தில் எழுதிய மருந்துக்கு ஒரு குறுக்குவழி: 1% என்றால் ஒரு மி.லி.யில் 10 மி.கி. மரத்துப்போக வைக்கும் மருந்தான லிக்னோகெயின் 2% என்றால் 20. அட்ரினலின் 1:1000 என்றால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. 1:10,000 அதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு ஆம்பியூலும் ஒரே தட்டில் கிடந்தால் பிரித்து வையுங்கள், அவசரத்தில் யாருக்கும் சைபர் எண்ண நேரமிருக்காது.

புள்ளி வைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். 0.5 என்று எழுதுங்கள், முன்னால் பூஜ்யம் இல்லாமல் வெறும் புள்ளி ஐந்து எழுதினால் அது 5 ஆகப் படிக்கப்படும். 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 50.

டிரிப்ஸ்: 500 மி.லி. 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். மி.லி.யைச் செட்டின் சொட்டு எண்ணால் (அந்தக் குழாயில் ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது) பெருக்கி நிமிடத்தால் வகுக்கவும். 20 சொட்டு செட்டில் 500 × 20 ÷ 240, நிமிடத்துக்கு 42 சொட்டு. அதே 42-ஐ 15 சொட்டு செட்டில் வைத்தால் மூன்றே மணி நேரத்தில் பாட்டில் காலி. செட்டின் உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன் அந்த எண்ணைப் படியுங்கள்.

மார்ச் 4

ஹைப்போ, ஹைப்பர். ஒன்று குறைவு, ஒன்று கூடுதல், காதில் இரண்டும் ஒன்று. "ஹைப்போகலேமியா" என்று நிறுத்தாமல் "பொட்டாசியம் குறைவு, 2.8" என்று எண்ணோடு சொல்லிப் பழகுங்கள்.

மார்ச் 12

கை கழுவுதல். சானிடைசர் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. விட்டுப்போவது எப்போதும் கட்டைவிரலும் விரல் நுனிகளும். க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற பாக்டீரியாவால் வந்த வயிற்றுப்போக்கு உள்ளவரைத் தொட்ட பின் சானிடைசர் போதாது, அதன் வித்துகள் ஆல்கஹாலில் சாகாது. அங்கே சோப்புதான்.

குத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், நேராகக் கூர்ப்பொருள் டப்பாவில். டப்பா முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள், அமுக்கித் திணிக்கும்போதுதான் கை குத்தும். குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். திட்டு விழும் என்று இரண்டு நாள் மறைத்தால் அந்த நேரம் திரும்பி வராது.

மார்ச் 20

போனில் வரும் மருந்து உத்தரவை எழுதுவது. கேட்டு, எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, "சரி" என்ற பதில் வந்த பிறகே வைக்க வேண்டும். எண்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் போனில் ஒரே மாதிரி விழும். "ஒன்று, ஐந்து. பதினைந்து மில்லிகிராம்" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் ஒரு வினாடி நின்று, "இல்லை, ஐந்து, பூஜ்யம்" என்று திருத்த இடமிருக்கும்.