ஃபைலில் ஏறாத ஆண்டுகள்

அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஓவியத்துக்கும் எங்களிடம் ஒரு ஃபைல் உண்டு. யார் யாரிடம் இருந்தது என்பது உடைமை வரலாறு, எங்கெங்கே காட்சிக்குப் போனது என்பது கண்காட்சி வரலாறு. உடைமை வரலாற்றில் நிறுத்தற்குறிக்கே பொருள் உண்டு. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நேராகப் போனது உறுதி என்றால் இரண்டு பெயருக்கும் நடுவில் அரைப்புள்ளி. இடையில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் முற்றுப்புள்ளி. ஐரோப்பாவிலிருந்து வந்த ஓவியத்தில் 1933 முதல் 1945 வரையிலான காலத்தில் அந்த முற்றுப்புள்ளி விழுந்தால் வயிற்றைக் கலக்கும். நாஜிகள் யாரிடமிருந்தோ பிடுங்கியதாக இருக்கலாம்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் 'மியூரல்' (சுவரோவியம்) என்ற ஓவியம். அது எங்களுடையது அல்ல. அதன் உடைமை வரலாறு இரண்டே பெயர்: கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம். இதைவிடச் சுத்தமான உடைமை வரலாறு கிடைப்பது அரிது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படிப்பவருக்கு ஓவியம் பட்ட பாடு எதுவும் தெரியாது.

1943-இல் நியூயார்க்கில் தன் வீட்டு நுழைவுக் கூடத்துக்காகப் பெக்கி இதை வரையச் சொன்னார். அப்போது பொல்லாக்குக்கு அவர் மாதம் 150 டாலர் கொடுத்துவந்தார். சுவரில் வேண்டாம், கேன்வாஸில் வரையட்டும், பின்னால் எடுத்துப்போகலாம் என்று யோசனை சொன்னவர் ஓவியர் மார்செல் டுஷாம்ப். ஓவியம் பிழைத்ததே அந்த யோசனையால்தான் என்பேன். 8 அடி உயரம், சுமார் 20 அடி அகலம். வீட்டுக்குள் ஒரு சுவரை இடித்துத்தான் பொல்லாக்கால் கேன்வாஸை விரிக்க முடிந்தது. 1947-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது காட்சிக்குப் போனது. அதே ஆண்டு பெக்கி ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். அப்புறம் ஓவியத்தை அயோவாவுக்கு இலவசமாகவே கொடுத்தார். 1951-இல் அது அங்கே வந்து சேர்ந்தது.

வந்ததும் அதை மாட்டிய இடம், மாணவர்கள் வேலை செய்யும் ஸ்டுடியோ. பல்கலைக்கழகத்துக்கென்று அருங்காட்சியகம் வந்ததே 1969-இல்தான். ஸ்டுடியோவில் மாட்டியிருந்த ஆண்டுகள் கண்காட்சி வரலாற்றில் வராது, ஏனென்றால் அது கண்காட்சி அல்ல. என்னைக் கேட்டால், இந்த ஓவியம் அதிகம் வேலை செய்தது அந்த அறையில்தான். பெயிண்டைக் குழைத்தபடியே தலையை நிமிர்த்தினால் எதிரே பொல்லாக்!

1973-க்குள் கேன்வாஸ் தன் பாரத்திலேயே நடுவில் தொய்ந்திருந்தது. பின்பக்கம் மெழுகு பூசி இன்னொரு துணியை ஒட்டினார்கள், கேன்வாஸை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டத்தை மாற்றினார்கள், மேலே வார்னிஷ் அடித்தார்கள். பெயிண்ட் உதிராமல் நின்றது. ஆனால் தொய்வு அப்படியே இறுகிவிட்டதால், வளைந்த படத்தை நேரான சட்டத்தில் மாட்டியதாகிவிட்டது. ஓரத்தில் வெறுந்துணி வெளியே தெரிந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. ஓவியத்தின் முதுகுதான் எங்கள் ஆவணம். கேலரி லேபிள், சுங்க முத்திரை, பென்சிலில் எழுதிய எண் எல்லாம் அங்கேயும் பழைய மரச்சட்டத்திலும்தான் இருக்கும். முதுகில் துணி ஒட்டி, சட்டத்தையும் மாற்றினால் அதெல்லாம் மறைந்தோ தொலைந்தோ போகலாம்.

2012 முதல் 2014 வரை லாஸ் ஏஞ்சலஸில் 'கெட்டி' என்ற கலை நிறுவனத்தார் வார்னிஷை எடுத்து, படத்தின் வளைவுக்கு ஏற்ற புதுச் சட்டம் செய்து கொடுத்தார்கள். ஒரே இரவில் வரைந்தது என்ற பிரபலமான கதையும் அங்கேதான் உடைந்தது. மேல் அடுக்குப் பெயிண்ட், கீழே இருந்தது காய்ந்த பிறகு பூசியது.

கண்காட்சி வரலாற்றின் கடைசிப் பகுதிதான் எனக்கு மனதைப் பிசைகிறது. வெனிஸ், பெர்லின், மலாகா, லண்டன், பில்பாவ், வாஷிங்டன், பாஸ்டன், நியூயார்க். பார்ப்பவருக்கு என்ன புகழ் என்று தோன்றும். உண்மையில் 2008 ஜூனில் அயோவா ஆற்று வெள்ளம் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துவிட்டது. ஓவியத்தை முன்கூட்டியே சிகாகோவுக்கு அனுப்பிக் காப்பாற்றியிருந்தார்கள். பழைய கட்டடத்தில் கலைப்பொருள்களை வைத்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றாகிவிட்டது. வீடில்லாததால்தான் அது இத்தனை ஊர் சுற்றியது.

அந்த நேரத்தில் விற்றுவிடலாம் என்ற பேச்சும் வந்தது. வெள்ளம் வந்த ஆண்டே மதிப்புப் போடச் சொன்னார்கள். 2011-இல் மாநிலச் சட்டமன்றத்தில், விற்ற பணத்தை மாணவர் உதவித்தொகைக்குக் கொடுக்கலாம் என்று மசோதாவே வந்தது. மாணவர் உதவித்தொகை நல்ல காரியம்தான். ஆனாலும் விற்காமல் விட்டதுதான் சரி. மாணவர்களுக்கு நடுவே இருந்து பழகிய ஓவியம் அது. 2022 ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தின் புதிய ஸ்டான்லி அருங்காட்சியகம் திறந்தபோது அயோவாவிலேயே மறுபடி மாட்டினார்கள். விற்க மறுத்ததை எழுத உடைமை வரலாற்றில் இடமே இல்லை. கை மாறினால்தான் அங்கே ஒரு வரி.

அதனால் நான் ஃபைல் எழுதும்போது, இரண்டு கண்காட்சிகளுக்கு நடுவே படம் எந்த அறையில், எந்த ஜன்னலுக்கு எதிரே இருந்தது என்பதைக் குறிப்புப் பகுதியில் சேர்த்துவிடுகிறேன். ஓய்வுபெற்ற காவலர்களைக் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள். எத்தனை ஆண்டு வெளிச்சம் பட்டது என்று பிறகு கணக்குப் போட, பழுதுபார்ப்பவர்களுக்கும் அது உதவும்.