லுப்பீனி: கைப்புப் போக எட்டு நாள்

பலெர்மோவுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. பல்லரோச் சந்தையில் உப்புத் தண்ணீருக்குள் கிடக்கும் அந்த மஞ்சள் கடலையை எத்தனையோ தடவை வாங்கிக் கொறித்திருக்கிறேன், ஆனால் காய்ந்த விதையை வாங்கி வீட்டில் அவித்துப் பார்க்கலாம் என்று போன வருடம்தான் தோன்றியது. இங்கே அதற்கு லுப்பீனி என்று பெயர், அதாவது வெள்ளை லூபின் செடியின் விதை. தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும். தோலைப் பல்லால் கொஞ்சம் கடித்துவிட்டு விரலால் அமத்தினால் பருப்பு வாய்க்குள் துள்ளி விழும். ஊரில் தவறணைக்குப் போகிறவர்களுக்கு அவித்த கடலை எப்படியோ, இங்கே பியர் குடிக்கிறவர்களுக்கு இது.

முதல் முயற்சி படுதோல்வி. அரைக் கிலோவை இரவு ஊறப்போட்டு, காலையில் கடலைக்குச் செய்வது போலவே குக்கரில் ஏற்றி ஆறு விசில் விட்டேன். ஒன்றை எடுத்து வாயில் வைத்தால் வேப்பிலை தோற்றுப்போகும், அப்படி ஒரு கைப்பு. வேகவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் ஆறு விசில் விட்டேன், அப்போதும் அதே கைப்புத்தான். பிறகுதான் விளங்கியது, இந்தக் கைப்பு லூபானின், ஸ்பார்டீன் மாதிரியான அல்கலாய்டுகளால், அதாவது செடியிலேயே உண்டாகும் நச்சுப் பொருட்களால் வருவது, அவை சூட்டில் அழியாது, தண்ணீரில் கரைந்துதான் வெளியே போக வேண்டும். நான் அந்தத் தண்ணீரையே குக்கருக்குள் பூட்டி வைத்து அவித்திருக்கிறேன்! பாவற்காய் மாதிரி, கொஞ்சம் கைத்தால் உடம்புக்கு நல்லது என்று இதை விழுங்கவும் முடியாது. கைப்பு எடுக்காத லூபினைச் சாப்பிட்டால் வாய் வறளும், கண் மங்கும், நெஞ்சு படபடக்கும், ஆஸ்பத்திரி வரை போனவர்களும் உண்டு. முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அன்று இரவு போனில் அம்மாவிடம் இதைச் சொன்னால், அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஒடியல் மாவுக்குக் கைப்பு எடுக்கிறேல்லையே பிள்ளை, அதுமாதிரித்தான், தண்ணியை மாத்தி மாத்தி விடு" என்றார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சும் ஊரில் பிறந்துவிட்டு இது எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவது தடவை தண்ணீர் மாற்றினேன், ஆனால் அது ஜூலை மாதம். சிசிலியின் ஜூலையில் குசினி மேசை மேல் வைத்த சட்டி மூன்றாம் நாளே நுரைத்துப் புளித்து நாறியது. கீழ் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கேட்டால், சிரித்துவிட்டு, இது குளிருக்குச் செய்கிற வேலை, அந்தக் காலத்தில் சாக்கில் கட்டி ஓடுகிற தண்ணீரில் போட்டுவிடுவார்கள் என்றார். பெருவிலும் பொலிவியாவிலும் மலைச் சனங்கள் அவர்களுடைய லூபினான தார்வியை இதே மாதிரி ஆற்றில் போட்டுத்தான் கைப்பு எடுக்கிறார்கள். எனக்கு ஆறு இல்லை, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.

நவம்பரில் மூன்றாவது தடவை. ஒரு நாள் முழுக்க ஊறல், பிறகு மூடாத பெரிய பானையில் ஒரு மணித்தியாலம் அவியல். தண்ணீர் மஞ்சளாகி மேலே நுரை கட்டியது. அதை வடித்துக் கொட்டிவிட்டு, நல்ல குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். காலை, பின்னேரம், படுக்கப்போகும் முன் என்று நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றம். ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினேன். மூன்றாம் நாள் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை, வெறுத்துவிட்டது. ஐந்தாம் நாள் கைப்பு முன்னுக்கு வராமல், கடித்து முடித்த பிறகு நாக்கின் அடியில் வந்தது. இவ்வளவு காணும் என்று உப்புப் போடக் கை போனது, போடவில்லை. எட்டாம் நாள் வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்து ஆறை எடுத்துக் கடித்தேன், ஒன்றிலும் கைப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் உப்புத் தண்ணீர்.

இவ்வளவு மினக்கெடுவதற்குப் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அவித்த லூபின் 100 கிராமில் ஏறக்குறைய 16 கிராம் புரதம், அவித்த கொண்டைக்கடலையில் 9 கிராம்தான். மாச்சத்து இல்லை என்றே சொல்லலாம், நார்ச்சத்து நிறைய. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், கச்சான், அதாவது நிலக்கடலை ஒவ்வாதவர்களில் சிலருக்கு இதுவும் ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் லூபினை ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்ததால் இங்கே உணவுப் பெட்டிகளில் பெயரைக் கட்டாயம் போட்டிருப்பார்கள். கச்சான் சாப்பிடாத பிள்ளை வருகிற வீடு என்றால் மேசையில் வைக்க வேண்டாம்.

அந்த மாச்சத்து இல்லாத குணம் சமைக்கும்போதுதான் தெரியும். எத்தனை நேரம் அவித்தாலும் மசியாது, கடித்தால் நறுக்கென்று இருக்கும். செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்தால் அருமை, கடலையை விட எனக்கு இதுதான் பிடித்தது. வடை ஆசையில் தோலுரித்து அரைத்து எண்ணெயில் போட்டேன், பிடித்து நிற்க ஒன்றும் இல்லாமல் மணல் மாதிரி உதிர்ந்து எண்ணெய் முழுக்கப் பரவியது. அடுத்த ஈட்டில் பாதிக்குப் பாதி கடலைப்பருப்பு சேர்த்தேன், நின்றது, கொஞ்சம் வறட்சிதான். கைப்பே இல்லாத லூபின் இனங்களும் இருக்கின்றன. 1920களின் கடைசியில் ஜேர்மனியில் ரைன்ஹோல்ட் வான் செங்புஷ் என்பவர் ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்து அப்படிப்பட்டவற்றைப் பிரித்தெடுத்தார், பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலத்தில் அவை பெரும் பயிராகின. அந்த இனத்து மாவு ஒரு பை வாங்கி, நாலு பங்கு மாவில் ஒரு பங்காகக் கலந்து ரொட்டி சுட்டேன், மஞ்சளாக வடிவாக வந்தது. ஆனால் எட்டு நாள் காவல் இருந்து எடுத்த கடலையின் ருசி அதில் இல்லை, என் பிடிவாதமாகவும் இருக்கலாம்.

மிச்சமிருந்த காய்ந்த விதையில் பத்தை பால்கனிச் சாடிகளில் ஊன்றினேன். ஏழு முளைத்தன. விரல் விரித்த கை மாதிரி இலை, பார்க்க அழகு. வேரில் நைதரசனைப் பிடிக்கிற முடிச்சும் மண்ணில் ஒட்டிக்கிடக்கிற பொசுபரசைக் கரைத்து எடுக்கிற கொத்து வேரும் உள்ள செடி, உரமில்லாத மண்ணிலும் வளரும் என்று நம்பி, எங்கள் சுண்ணாம்பு மலைப் பக்கம் அள்ளிய மண்ணைப் போட்டதுதான் பிழை. வெள்ளை லூபினுக்குச் சுண்ணாம்பு ஆகவே ஆகாது. ஐந்தாம் இலை வரும்போதே நரம்பு பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக வெளிறிவிட்டது. நாலு செடி போய்விட்டது. மீதி மூன்றையும் போன ஞாயிறு கடையில் வாங்கிய புளிப்பு மண்ணுக்கு மாற்றியிருக்கிறேன், ஒன்றில் மட்டும் நடுக்குருத்து பச்சையாக வருகிறது. இங்கே தேசிக்காய் மரத்துக்கு லூபின் விதையை அரைத்து உரமாகப் போடுவார்கள், கடையில் பையாகவே விற்கிறார்கள். கைகூடாவிட்டால் என்னுடைய மிச்ச விதையும் அடுத்த சாடியில் நிற்கும் தேசிக்காய்க்குத்தான்.